கெசையாவுக்கு ஒரு வரி

சீடர் ஃபோர்க், கென்டக்கி
மே 9, 1994

அன்புள்ள வெர்டெல்,

இந்தக் கடிதத்தில் உள்ளவை:

1. சென்ற ஆகஸ்ட்டில் நடந்ததற்கு என் வருத்தம்.
2. மேட்டுக் கல்லறையில் வைக்கப்போகும் நினைவுக்கல் எந்த நிலையில் இருக்கிறது.
3. கெசையாவின் பெயர் அந்தக் கல்லில் ஏன் வரக் கூடாது.
4. இந்த ஆகஸ்ட்டில் நீ வர வேண்டும் என்ற வேண்டுகோள்.

மூன்றாவதைப் படித்ததும் கிழித்துப் போடுவாய் என்று பயந்து, கிழிக்குமுன் நான்காவதும் கண்ணில் படட்டும் என முன்பக்கத்திலேயே எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

முதலாவது. வெளியூர் போனவர்களெல்லாம் வந்து கூடும் ஊர்திரும்பும் ஞாயிறன்று, மரத்தடி விருந்தில், கெசையாவைப் பற்றி அத்தனை பேர் முன்னால் “சட்டப்படி பார்த்தால்” என்று நான் ஆரம்பித்திருக்கக் கூடாது. நீ உடனே எழுந்து, வெட்டாத ஜாம் கேக்கைத் தூக்கிக்கொண்டு டெட்ராய்ட்டுக்குப் பேருந்து ஏறிவிட்டாய். ஒன்பது மாதமாகிறது. நம் தேவாலயத்து டீக்கன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் கேக்கை விசாரிக்கிறார், பிறகுதான் உன்னை.

இரண்டாவது. கல் வந்துவிட்டது. சாம்பல் நிறம், என் உயரம். உச்சியில் “விடுதலைக்கு முன் இறந்து இங்கே உறங்குபவர்கள்” என்று பொறிக்கிறார்கள். மேட்டில், அடிமைக் காலத்தவர்களைப் புதைத்த குழிகளை மூன்று முறை எண்ணினேன். இருபத்து மூன்று, இருபத்து மூன்று, இருபத்து நான்கு. இருபத்து நான்காவது, இலைகளுக்கு நடுவே சிஸ்டர் ஒனைடா கழற்றிப் போட்டிருந்த கோட்டு. நம் சபையின் கல்லறைக் குழுவுக்கு அவர்தான் தலைவர், நான் செயலாளர், எனவே நான் எண்ணியதையெல்லாம் அவர் மறுபடி எண்ணுகிறார். கெசையாவைத் தவிர்த்தால் இருபத்திரண்டு. தேவாலயத்தின் பழைய நடவடிக்கைக் குறிப்பிலிருந்து பதினாறு பெயர்களை எடுத்துவிட்டேன். மீதி ஆறு பேருக்கு “பெயர் தெரியாதவர்” என்று ஆறு வரி. கல்வெட்டுபவர் ஃபூஷே அடியில் ஒரு வரி இடம் விட்டிருக்கிறார். ஜூலை பதினைந்துக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். “சார், இதை ரப்பர் வெச்சு அழிக்க முடியாது” என்று இதுவரை நான்கு முறை சொல்லிவிட்டார்.

மூன்றாவது. அவள் நம் கொள்ளுப்பாட்டி. ஆனால் இருபத்தேழு வயதில் இறந்தவள், எனக்கு எழுபத்தெட்டு. பாட்டி என்று எழுதக் கூச்சமாயிருக்கிறது. கெசையா என்றே எழுதுகிறேன். அவள் கணவர் வெஸ்லி, அவர்களை அடிமைகளாக வைத்திருந்த யாண்டெலின் பண்ணையிலிருந்து தப்பி 1864 ஜூனில் வடக்குப் படையில் சேர்ந்தார். 1865 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் ஒரு சட்டம் நிறைவேறியது: படையில் சேர்ந்தவரின் மனைவியும் பிள்ளைகளும் அன்று முதல் சுதந்திரமானவர்கள். கெசையா இறந்தது அந்த ஆகஸ்ட்டில்; கென்டக்கியில் மற்ற அடிமைகளுக்கெல்லாம் விடுதலை வந்தது டிசம்பரில். “புகையிலையில் புழு பொறுக்கும் சமயம் அம்மா போனாள்” என்று தாத்தாவின் பைபிளில் இருக்கிறது. ஆக, ஐந்து மாதம் அவள் சுதந்திரப் பெண். யாண்டெல் அதை அவளிடம் மறைத்து வேலை வாங்கியிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். சுதந்திரமானவர்களுக்கென்று தேவாலயத்தின் கீழே புதிய கல்லறை திறந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. அவளை அங்கே வைக்காமல் மேட்டிலேயே புதைத்ததும் அவன் வேலையாகத்தான் இருக்கும். விடுதலைக்கு முன் இறந்தவள் என்று நாமும் கல்லில் எழுதினால், அந்த ஐந்து மாதத்தை யாண்டெலுக்கு நாமே எழுதிக்கொடுத்தது போலாகும். அதற்கு எனக்கு மனமில்லை. நான் சொல்வது சரியா என்று எனக்கே முழு நிச்சயம் இல்லை. ஆனால் இதைவிடச் சரியானது எனக்குத் தோன்றவில்லை.

நான்காவது. ஆகஸ்ட் 14. வா. உன் அறைக்கு வெள்ளை அடித்திருக்கிறேன்.

உன் அண்ணன்,
லெமுவல்

*

டெட்ராய்ட்
மே 21, 1994

அண்ணா,

உங்கள் பட்டியல் வந்து சேர்ந்தது. கிழிக்கவில்லை. முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் வடிவியல் சொல்லிக்கொடுத்தவர் தங்கைக்கு எழுதினாலும் தேற்றம் போலத்தான் எழுதுவார் என்று எனக்குத் தெரியாதா?

டீக்கனிடம் சொல்லுங்கள்: கேக்கின் பாதியைச் சின்சினாட்டி பேருந்து நிலையத்தில் ஒரு சிப்பாயும் இரண்டு கன்னியாஸ்திரிகளும் தின்றார்கள். மூவருமே அவரைவிட மரியாதையாக நன்றி சொன்னார்கள்.

இப்போது கெசையா. இருபத்தொன்பது வருடம் இந்த நகரத்தில் பேருந்து ஓட்டியவள் நான். எனக்குச் சட்டம் தெரியாது, நிறுத்தம் தெரியும். ஒரு நாள் மழையில், இரண்டு கையிலும் பையோடு ஒரு அம்மாள். இறங்க வேண்டிய இடத்தில் மணிக்கயிற்றை மூன்று தடவை இழுத்திருக்கிறாள். உள்ளே கம்பி அறுந்துகிடந்தது. என் பக்கம் சத்தமே வரவில்லை. ஒரு மைல் தாண்டிப் போய்விட்டேன். அவள் வந்து திட்டியபோது நான் விதி பேசினேன்: “நீங்க இழுத்திருந்தா மணி அடிச்சிருக்கும்மா.” அவள் சொன்னாள்: “மணி அடிச்சுதோ இல்லையோ, என் வீடு பின்னாடி போயிடுச்சு.”

அண்ணா, வாஷிங்டனில் கயிற்றை இழுத்தார்கள். கெசையாவின் வண்டி நிற்கவில்லை. அவள் வீட்டைத் தாண்டியே கொண்டுபோய்விட்டார்கள். அப்படிப்பட்டவளிடம் போய், நீ சட்டப்படி இறங்கிவிட்டாய், இந்தக் கல்லில் உனக்கு இடமில்லை என்று சொல்வீர்களா?

அவள் மேட்டில் கிடக்கிறாள். கீழே இல்லை. எனக்கு அந்தக் குழியே சாட்சி.

அவள் பெயர் இல்லாத கல்லைப் பார்க்கப் பத்து மணி நேரம் பேருந்தில் உட்கார மாட்டேன். அதுவும் இன்னொருவர் ஓட்ட.

வெர்டெல்

*

சீடர் ஃபோர்க்
ஜூன் 11, 1994

அன்புள்ள வெர்டெல்,

இதில் உள்ளவை:

1. நீ சொன்னதுதான் சரி.

வேறு ஒன்றும் இல்லை. உன் கடிதத்தை இரண்டு வாரம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். உன் பேருந்தில் வந்த அந்த அம்மாளிடம் என்ன பதில் சொல்வது என்று தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சட்டம் இருந்தது என்பது உண்மை. அவளிடம் அது போய்ச் சேராவிட்டால், அவள் இறந்தது விடுதலைக்கு முன்தான்.

புதன்கிழமைக் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். சிஸ்டர் ஒனைடா கண்ணாடியைக் கழற்றினார். “லெமுவல், ஒம்பது மாசமா இதையே பேசி எங்க காதைத் தின்னீங்க. இப்ப திருப்பிச் சொன்னா, நான் வேற காது வாங்கிட்டு வந்துதான் கேக்கணும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்; எதற்கென்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

ஃபூஷேயிடம் திங்கட்கிழமை சொல்கிறேன். கெசையாவின் பெயர் பதினேழாவதாக வரும். நீ வருவாய் அல்லவா?

லெமுவல்

*

டெட்ராய்ட்
ஜூன் 11, 1994

அண்ணா,

இதை எழுத எனக்குப் பல்லைப் பிடுங்குவது போல இருக்கிறது. ஆகவே வேகமாக எழுதிவிடுகிறேன்.

உங்கள் மே மாதக் கடிதத்தை எதிர்வீட்டு ரூபி டிஸ்டேலுக்குப் படித்துக் காட்டினேன், அவளும் என்னோடு சேர்ந்து உங்களைத் திட்டுவாள் என்றுதான். அவள் பீன்ஸ் உரித்துக்கொண்டே கேட்டாள். யாண்டெலுக்கு ஐந்து மாதத்தை எழுதிக்கொடுக்க மாட்டேன் என்று நீங்கள் எழுதிய இடம் வந்ததும் கையை நிறுத்திவிட்டாள்.

“உங்க அண்ணன் பயந்த சுபாவம்னு சொன்னியே?”

“ஆமா. கோழிக்கே வழிவிடுவாரு.”

“செத்துப்போன பண்ணைக்காரன் கையிலருந்து அஞ்சு மாசத்தைப் புடுங்குறாரு. இவரா பயந்தவரு?”

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நான் கெசையாவுக்காகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு யாண்டெலுக்காகப் பேசியிருக்கிறேன். அவன் ஒரு நாள்கூட அதிகமாக அவளை வைத்திருந்தான் என்று என் கையால் கல்லில் எழுத மாட்டேன். நீங்கள் சொன்னபடியே அவள் பெயரை விட்டுவிடுங்கள். அந்த வரி வெறுமையாகவே இருக்கட்டும்.

நான் வருகிறேன். தோற்றவளாக வருகிறேன், ஆகவே ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியைத் தூக்குங்கள்.

வெர்டெல்

*

டெட்ராய்ட்
ஜூன் 16, 1994

அண்ணா,

உங்கள் ஜூன் 11 வந்தது. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, ரூபி ஓடி வரும் அளவுக்குச் சிரித்தேன். உங்கள் கடிதமும் என் கடிதமும் ஒஹையோவில் எங்கோ ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. பார்த்தும் பேசாமல், நம்மைப் போலவே.

இப்போது நீங்கள் என் பக்கம், நான் உங்கள் பக்கம். சண்டை அப்படியே இருக்கிறது. ஃபூஷேயிடம் இன்னும் ஒன்றும் சொல்லாதீர்கள். சொல்லியிருந்தால் போய் உளியைப் பிடுங்குங்கள்.

ஒரு யோசனை. வெஸ்லிக்கு இரண்டாவது மனைவி இருந்தாளே, மார்த்தா. அவளுக்குப் படைவீரரின் விதவை என்று ஓய்வூதியம் வந்தது என்று அப்பா சொல்வார். முதல் மனைவி உயிரோடு இல்லை என்று நிரூபிக்காமல் அரசாங்கம் இரண்டாவது மனைவிக்குக் கொடுத்திருக்குமா? யாராவது ஒருவர் வந்து, கெசையா செத்ததைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்திருக்க வேண்டும். நீங்கள் வாஷிங்டனிலிருந்து வரவழைத்தது வெஸ்லியின் படைக் காகிதம் மட்டும்தானே? மார்த்தாவின் காகிதத்தைக் கேட்டீர்களா?

கேட்டிருக்க மாட்டீர்கள். பெண்பிள்ளையின் மனு என்று விட்டிருப்பீர்கள்.

வெர்டெல்

*

சீடர் ஃபோர்க்
ஜூலை 5, 1994

அன்புள்ள வெர்டெல்,

இதில் உள்ளவை:

1. மார்த்தாவின் காகிதத்தை நான் கேட்டிருக்கவில்லை என்ற ஒப்புதல்.
2. அதில் இருந்தது.
3. கடைசி வரிக்கு மூன்று யோசனைகள்.

முதலாவதுக்கு விளக்கம் இல்லை. ஆவணக்காப்பகத்தில் ஒரு நல்ல பெண்மணி அவசரமாகப் பிரதி எடுத்து அனுப்பினார். நாற்பத்தொரு பக்கம். முப்பத்து மூன்றாம் பக்கத்தில், டைஸி என்ற கிழவி 1891இல் கொடுத்த சத்தியவாக்குமூலம். யாண்டெலின் பண்ணையில் கெசையாவுக்குப் பக்கத்துக் குடிசையில் இருந்தவள். எழுத்தர் அவள் பேச்சை அப்படியே எழுதியிருக்கிறார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

“கெசையா சாகறப்ப அவ தலை என் மடியில இருந்துச்சு. புகையிலைல புழு பொறுக்குற சமயம். நல்ல காய்ச்சல். அவளுக்குச் சட்டம் தெரியுமான்னா கேக்குறீங்க? ஏப்ரல்ல வெஸ்லி லீவுல வந்தப்பவே சொல்லிட்டான். மறுநா காலைல அவ யாண்டெல் வீட்டு வாசப்படில போய் நின்னா. இனிமே கூலி இல்லாம ஒரு செடியையும் தொட மாட்டேன்னா. அவரு சிரிச்சாரு. அவ அந்தப் படிலயே உக்காந்துட்டா. மூணு நாள். வீட்டுக்காரங்க அவளத் தாண்டித் தாண்டிப் போனாங்க. நாலாம் நாள் குடுத்தாரு. நாத்து நட வேற ஆளில்லையே. எங்கள்ல மொதல்ல கூலி வாங்குனவ அவதான்.”

வெர்டெல், இந்த இடத்தில் நான் எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன்.

பிறகு அதிகாரி கேட்கிறார்: எங்கே புதைத்தீர்கள்? டைஸி சொல்கிறாள்:

“கீழ புதுசா தொறந்த எடத்துல வைக்கணும்னு வெஸ்லி சொல்லி அனுப்பியிருந்தான். சொதந்திரமானவங்க எடம், அவனுக்கு அது பெருமை. அவ கேக்கல. கீழ எனக்கு யாரத் தெரியும்னா. எங்கம்மா மேல இருக்கு, எம்புள்ளைங்க ரெண்டு மேல இருக்கு, என்னை மேல கொண்டு போங்கன்னா. கொண்டு போனோம்.”

ஆக, அவளுக்குத் தெரியும். வண்டி நின்றது, அவளே நிறுத்தினாள். உன் பேருந்து அம்மாளின் கதை அவளுக்குப் பொருந்தாது. யாண்டெல் அவளை மேட்டில் புதைக்கவில்லை. என் கதையும் பொருந்தாது. அந்தக் குழி உனக்கும் சாட்சி சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. மேலுக்கும் கீழுக்கும் நடுவே சட்டம் போட்ட கோட்டை மட்டுமே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ, தன் அம்மா எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று பார்த்திருக்கிறாள்.

ஆனால் கல்லின் உச்சியில் “விடுதலைக்கு முன் இறந்து” என்று பொறித்தாகிவிட்டது. ஃபூஷேயிடம் கேட்டேன். ரப்பரைப் பற்றி ஐந்தாவது முறையாகச் சொன்னார். ஆகவே கடைசி வரிக்கு:

அ) “1865 மார்ச் 3 சட்டத்தின்படி சுதந்திரம் பெற்ற கெசையாவும் இவ்விடத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.”
ஆ) “மேற்கண்டவர்களுடன் கெசையா (விதிவிலக்கு).”
இ) பெயரைச் சேர்க்காமல், பக்கத்தில் தனிக் கல்.

எனக்கு எதிலும் திருப்தி இல்லை. பதினைந்தாம் தேதி ஃபூஷே வருகிறார். உன் கருத்து வேண்டும்.

லெமுவல்

*

டெட்ராய்ட்
ஜூலை 9, 1994

அண்ணா,

அ-வைப் படித்தால் நகராட்சி தண்ணீரை நிறுத்தப்போவது போல இருக்கிறது. ஆ-வை ரூபியிடம் காட்டினேன். அடைப்புக்குறிக்குள் போட்டால் கெசையா எழுந்து வந்து உங்கள் வாசற்படியில் மூன்று நாள் உட்காருவாள் என்கிறாள். இ வேண்டவே வேண்டாம். அம்மாவோடு இருக்க வேண்டும் என்று கேட்டவளைப் பக்கத்து வீட்டில் குடிவைப்பீர்களா?

இப்படிப் போடச் சொல்லுங்கள்:

“கெசையா. சுதந்திரமானவள். தன் மக்களோடு இருக்க மேலே வந்தாள்.”

நீளம் பற்றி ஃபூஷே முனகினால் எழுத்தைச் சின்னதாக்கச் சொல்லுங்கள். நம் ஆட்கள் கிட்டே போய்க் குனிந்து படிப்பார்கள்.

டைஸியின் வாக்குமூலத்தை நான்கு முறை படித்தேன். அந்த மூன்று நாளும் வீட்டுக்காரர்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் போனதை நினைத்தால் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் என்ன உடுத்தியிருந்தாள், மழை பெய்ததா, யாராவது அவளுக்குச் சோளரொட்டி கொண்டுவந்து கொடுத்தார்களா, ஒன்றும் தெரியவில்லையே. கொடுத்தது டைஸிதான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். ஆவணம் கேட்காதீர்கள்.

ஆகஸ்ட் 11, வியாழக்கிழமை காலை வண்டி. ரூபியும் வருகிறாள்.

வெர்டெல்

*

சீடர் ஃபோர்க்
ஆகஸ்ட் 20, 1994

அன்புள்ள வெர்டெல்,

இதில் உள்ளவை:

1. ஞாயிறன்று நீ இருந்த இடத்திலிருந்து பார்த்திருக்க முடியாதது.
2. நீ போன பிறகு, வியாழக்கிழமை நடந்தது.
3. ஒரு திருத்தம்.

முதலாவது. பெயர்களை நான்தான் படிக்க வேண்டும் என்று ஒனைடா சொன்னபோது தொண்டை வலி என்று பொய் சொன்னேன், அவர் நம்பவில்லை. வழக்கம் உனக்குத் தெரியும்: பெயரைக் கூப்பிட்டதும் அந்த வம்சத்தார் கூட்டத்திலிருந்து “எங்க ஆளு” என்று குரல் கொடுக்க வேண்டும். பதினாறு பெயரில் ஒன்பதுக்குத்தான் இன்றைக்கு வம்சம் தெரியும். மற்றவர்களைக் கூப்பிட்டுவிட்டு அந்த மௌனத்தில் எப்படி நிற்பது என்று ஒரு வாரமாக எனக்குக் கலக்கம். நான்காவது பெயர் அப்படிப்பட்டது. கூப்பிட்டேன். அப்போது டீக்கன், யாரையும் பார்க்காமல், தொப்பியைப் பார்த்துக்கொண்டு, “எங்க ஆளு” என்றார். அந்தப் பெயருக்கு உரியவர் அவருக்கு ஒன்றும் உறவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பெயரும் தனியாக நிற்கவில்லை. பெயர் தெரியாத ஆறு பேருக்கும் குழந்தைகள் உட்பட எல்லோரும் குரல் கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில் ஃபூஷேயின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மலைக்கு அந்தப் பக்கத்து வெள்ளைக்காரர், நம் வழக்கம் தெரியாது. ஆறாவது தடவை அவரும் சொல்லிவிட்டு, சொல்லலாமா என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

கெசையாவின் வரிக்கு வந்ததும் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டேன். நீ மூன்றாவது வரிசையிலிருந்து, “எங்க ஆளு. சத்தமாப் படிங்கண்ணா, அவளுக்குக் கேக்கட்டும்” என்றாய். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் என்னால் மிச்சத்தைப் படித்திருக்க முடியாது.

இரண்டாவது. வியாழக்கிழமை மேட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். லூயிவில்லிலிருந்து ஒரு பெண்மணி வந்து கல்லை நெடுநேரம் படித்தார். படிப்பாளி, என்னைப் போலவே வரிக்கு வரி ஒத்துப்பார்க்கிறவர் என்று தெரிந்தது. என்னிடம் வந்து கேட்டார்:

“உச்சில ‘விடுதலைக்கு முன்’னு இருக்கு. அடில ‘சுதந்திரமானவள்’னு இருக்கு. வெட்டினவர் எங்கேயாவது தப்புப் பண்ணிட்டாரா?”

ஒரு வருடத்துக்கு முன்பு என்றால் நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பேன். இப்போது தேதி, சட்டம், முப்பத்து மூன்றாம் பக்கம் எல்லாம் வாய்வரை வந்தன. ஆனால் நான் சொன்னது வேறு:

“இல்லம்மா. அவங்க அம்மாவப் பாக்க மேல வந்தவங்க. இன்னும் கிளம்பலை.”

அவர் மறுபடி போய்க் குனிந்து படித்தார். பிறகு வந்து, புல் வெட்டும் கத்தி இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார். சாயங்காலம் வரை இருந்தார்.

மூன்றாவது. இதை நேரில் சொல்ல நீ இங்கே இருந்த நான்கு நாளும் வாயெடுத்தேன், நீ பேசிக்கொண்டிருந்தாய். மே 9 கடிதத்தின் மூன்றாவது குறிப்பில், கெசையா சுதந்திரமாகத்தான் இறந்தாள் என்று எழுதியிருந்தேன். அது சரி. ஆகவே அவள் பெயர் அந்தக் கல்லில் வரக் கூடாது என்றும் எழுதியிருந்தேன். அது தவறு.

உன் அண்ணன்,
லெமுவல்